முட்டை அடக்கம் 4.72, கைக்கு வருவது 4.30. அப்புறம் ஏன் பண்ணையை மூடவில்லை?

பரமத்தி பையன்

நான் பி.காம் இரண்டாம் வருடம். எங்கள் பெரியப்பா நாமக்கல் பக்கம் முட்டைக் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். முட்டை போடும் கோழி மட்டும் 50,000. லீவுக்குப் போனபோது அவருடைய கணக்கு நோட்டை எடுத்து ஒரு முட்டைக்கு என்ன அடக்கம் ஆகிறது என்று போட்டுப் பார்த்தேன்.

தீவனம் கிலோ 30 ரூபாய். ஒரு கோழி ஒரு நாளைக்கு 110 கிராம் தின்கிறது, அதாவது 3.30 ரூபாய்க்கு. நூறு கோழிக்கு 90 முட்டை என்று வைத்தால் ஒரு முட்டைக்குத் தீவனம் 3.67. மருந்து, கரண்ட், முட்டை எடுக்கிற கூலி எல்லாம் 25 பைசா. குஞ்சு வாங்கி இருபது வாரம் வளர்த்த செலவில், கடைசியில் கறிக்கு விற்று வருவதைக் கழித்துவிட்டு முட்டைக்குப் பிரித்தால் 45 பைசா. ஷெட், கூண்டு, பேங்க் கடன் 35 பைசா. மொத்தம் 4.72.

கைக்கு வருவதோ 4.30. முட்டைக்கு 42 பைசா கையை விட்டுப் போகிறது. நஷ்டத்தில் ஓடும் நிறுவனம் சந்தையை விட்டு வெளியேறும் என்று எங்கள் பாடத்தில் இருக்கிறது. பெரியப்பாவைக் கேட்டால், “மூடினால் இதைவிட நஷ்டம், போடா” என்கிறார்.

இன்னொரு சந்தேகம். பேப்பரில் நாமக்கல் மண்டல விலை 4.70 என்று போடுகிறார்கள். அப்படியானால் நடுவில் 40 பைசா யாரிடம் போகிறது?

பொருளியல் டீச்சர்

தம்பி, கணக்கு சுத்தமாகப் போட்டிருக்கிறாய். மேல்நிலைப் பள்ளியில் இதைப் பல வருடமாக நடத்துகிறேன், இவ்வளவு நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

4.72ஐ ஒரே எண்ணாகப் பார்ப்பதில்தான் குழப்பம். அதை இரண்டாக வெட்டிப் பார். தீவனமும் மருந்தும் கூலியும் சேர்ந்து 3.92. இது மாறும் செலவு, நாளைக்கு முட்டை வேண்டும் என்றால் நாளைக்குக் கொடுத்தாக வேண்டியது. மீதி 80 பைசா மாறாச் செலவு. ஷெட் கட்டியாயிற்று, குஞ்சு வளர்த்தாயிற்று. நாளைக்குப் பண்ணையைப் பூட்டினாலும் அந்தப் பணம் திரும்பி வராது.

4.30க்கு விற்கும்போது மாறும் செலவு போக 38 பைசா நிற்கிறது. 50,000 கோழிக்கு 45,000 முட்டை என்றால் ஒரு நாளைக்கு 17,100 ரூபாய். மூடினால் இந்த 17,100 நின்றுபோகும், பேங்க் வட்டி மட்டும் நிற்காது. பெரியப்பா சொன்னதும் இதுதான்.

விலை 3.92க்குக் கீழே போனால் கதை வேறு. அப்போது ஒவ்வொரு முட்டையும் கைப்பணத்தைத் தின்னும். பாடப்புத்தகத்தில் ‘மூடும் புள்ளி’ என்று வருவது அந்த இடம். நீ சொல்லும் ‘வெளியேறும்’ என்பது நீண்ட காலத்துக்கு, அதாவது பழைய ஷெட் முடிந்து புதிதாகக் கட்டலாமா என்று யோசிக்கிற நேரத்துக்கு. அன்றைக்கு முழு 4.72ஐயும் பார்த்துதான் ஆக வேண்டும்.

மோகனூர் பண்ணை

டீச்சர் சொன்னது சரிங்க. ஆனால் பண்ணையில் உட்கார்ந்து பார்த்தால் ‘மூடுவதா வேண்டாமா’ என்று மொத்தமாக யாரும் யோசிப்பதில்லை. ஷெட் ஷெட்டாகத்தான் முடிவு எடுக்கிறோம்.

தம்பி போட்ட 90 என்பது சராசரி. முப்பது வாரக் கோழி நூற்றுக்கு 95 போடும். வயதான கோழி 70க்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். இரண்டும் தின்பது அதே 110 கிராம். கிழட்டு ஷெட்டில் ஒரு முட்டைக்குத் தீவனம் மட்டும் 4.71, மேல்செலவு சேர்த்தால் 4.96. அதை 4.30க்கு விற்றால் முட்டைக்கு 66 பைசா போகிறது. அந்த ஷெட்டைக் கழித்தே, அதாவது கோழிகளைக் கறிக்கு விற்றே ஆக வேண்டும். பக்கத்து ஷெட்டில் இளம் கோழி அதே விலைக்கு லாபமாக ஓடும்.

4.30 விலைக்கு எத்தனை சதவீதம் போட்டால் தீவனக் காசும் மேல்செலவும் தேறும் என்று கேட்டால் 81, 82. தீவன விலையும் முட்டை விலையும் மாற மாற இந்த எண்ணும் மாறும். எங்கள் சூப்பர்வைசர் இதைச் சுண்ணாம்புக் கட்டியில் ஷெட் கதவிலேயே எழுதி வைத்திருப்பார். சராசரிக் கணக்கை வைத்து முடிவெடுத்தால் கிழட்டுக் கோழி செய்கிற நஷ்டத்தை இளம் கோழி மூடி மறைத்துவிடும்.

அப்புறம், கழிப்பது என்றாலும் உடனே கழித்துவிட முடியாது. விலை விழுந்ததும் எல்லோரும் ஒன்றாகக் கழிப்பார்கள், கறிக்கு எடுக்கிற விலையும் கூடவே விழும். 70 சதவீதம் போடுகிற கோழியை ஒரு மாதம் சும்மா வைத்திருந்தால் கோழிக்கு 14 ரூபாய் நஷ்டம். ஒன்றரைக் கிலோக் கோழி, கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறினால் 15 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும். புரட்டாசி முடிந்தால் ஏறும் என்று நினைப்பவன் வைத்திருப்பான், அடுத்த பேட்ச் வளர்ந்து கூண்டுக்குக் காத்திருந்தால் வைத்திருக்க மாட்டான்.

பொருளியல் டீச்சர்

இதைத்தான் புத்தகத்தில் இறுதிநிலைச் செலவு, அதாவது இன்னொரு முட்டைக்கு ஆகும் கூடுதல் செலவு என்று வளைகோடு போட்டு நடத்துகிறோம். பையன்கள் வளைகோட்டை மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தச் சுண்ணாம்பு எழுத்தைப் போட்டோ எடுத்துப் போடுங்கள் ஐயா, வகுப்பில் காட்ட வேண்டும்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அடுத்த பேட்ச் கூண்டுக்குக் காத்திருக்கிறது என்றீர்களே, அங்கே கிழட்டுக் கோழி அடைத்துக்கொண்டிருக்கும் இடத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. வாய்ப்புச் செலவு, அதாவது அதே இடத்தில் புதுக் கோழி இருந்தால் வந்திருக்கும் வருமானம். நோட்டில் அது எந்த வரியிலும் ஏறாது.

ஈரோட்டு வாசகர்

எல்லாம் சரி, தம்பியின் இரண்டாவது கேள்விக்கு யாரும் வரவில்லையே. என்இசிசி (தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு) என்று பண்ணையாளர்களின் அமைப்பு ஒன்று இருக்கிறது, தினமும் விலை அறிவிக்கிறது, நாடு முழுக்க அதை வைத்துத்தான் வியாபாரம். விற்பவர்கள் கூடி விலை சொன்னால் அதற்குப் பெயர் சிண்டிகேட். இதில் பாடப்புத்தகம் சொல்லும் நிறைவுப் போட்டி, அதாவது யாராலும் விலையைத் தன் இஷ்டத்துக்கு வைக்க முடியாத சந்தை, எங்கே வந்தது? நாம் அதிக விலை கொடுத்து முட்டை வாங்கிக்கொண்டிருக்கிறோம், இவர்கள் நஷ்டக் கணக்கு எழுதுகிறார்கள்.

மோகனூர் பண்ணை

அண்ணா, சிண்டிகேட்டாக இருந்தால் நான் ஏன் 4.30க்கு விற்கிறேன்?

சட்டக் கல்லூரி

ஈரோட்டு வாசகர் கேட்பது நியாயமான கேள்வி. அதைச் சிமெண்ட்டோடு வைத்துப் பார்த்தால் விடை தெளியும்.

2012 ஜூனில் இந்தியப் போட்டி ஆணையம் முன்னணி சிமெண்ட் கம்பெனிகள் மீது 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. எல்லோருடைய விலையும் சேர்ந்தே ஏறியது, ஆலையின் முழுத் திறனுக்கும் உற்பத்தி செய்யாமல் குறைத்துக்கொண்டார்கள், சங்கக் கூட்டங்களில் தகவல் பரிமாறிக்கொண்டார்கள் என்பதெல்லாம் அந்த ஆணையில் வரும். 2015இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்து திரும்ப விசாரிக்கச் சொன்னது. 2016இல் ஆணையம் மறுபடியும் அபராதம் விதித்தது, 2018இல் அதைத் தேசிய கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உறுதி செய்தது. வழக்கு அதற்கு மேலும் போயிற்று.

இப்போது முட்டையைப் பாருங்கள். என்இசிசி 1982இல் வந்தது. வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ் என்ற கோழிக்குஞ்சு நிறுவனத்தின் பி.வி. ராவ் முன்னின்று பண்ணையாளர்களைச் சேர்த்தார். அதுவரை வியாபாரி சொன்னதுதான் விலை. ‘என் முட்டை, என் விலை, என் வாழ்க்கை’ என்பது அவர்களுடைய கோஷம். கோஷம் என்னவோ கார்ட்டல், அதாவது நீங்கள் சொன்ன சிண்டிகேட் மாதிரிதான் ஒலிக்கிறது. ஆனால் கார்ட்டல் நிற்க மூன்று விஷயம் வேண்டும். உற்பத்தியைக் குறைக்க முடிய வேண்டும், சரக்கை வைத்திருக்க முடிய வேண்டும், விலையை உடைப்பவனைக் கண்டுபிடித்துத் தண்டிக்க முடிய வேண்டும்.

சிமெண்ட் ஆலை சூளையை அணைத்துவிட்டுக் காத்திருக்கலாம். கோழியிடம் போய் இன்றைக்கு முட்டை போடாதே என்று சொல்ல முடியாது. குளிர்க்கிடங்கு இல்லாதவன் சித்திரை வெயிலில் எத்தனை நாள் முட்டையை வைத்திருப்பான்? தண்டிப்பதற்கோ, யார் எவ்வளவு குறைத்து விற்றான் என்பதே வெளியே தெரியாது. பெரிய சிமெண்ட் கம்பெனிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். நாமக்கல்லில் பண்ணைகளை அப்படி எண்ண முடியாது.

அதனால் என் கருத்து, என்இசிசி விலை ஒரு அறிவிப்பு. சந்தை அதைச் சுற்றி ஆடுகிறது. சட்டப்படி அதைப் பற்றிக் கேள்வி எழுப்பலாம், எழுப்பவும் வேண்டும். ஆனால் விலையைத் தூக்கி நிறுத்துகிற பலம் அதற்கு இருக்கிறது என்பதற்கு இந்த இழையிலேயே எதிர்சாட்சி இருக்கிறது.

ஈரோட்டு வாசகர்

பலம் இல்லை என்றால் அறிவிப்பு எதற்கு? ஒன்றுக்கும் உதவாத விலையை வருடக்கணக்கில் யாராவது தினமும் அச்சடிப்பார்களா?

முட்டை லோடு

நான் வியாபாரி பக்கம். கேரளாவுக்கு லோடு அனுப்புகிறேன். திட்டு வாங்க நானே வந்துவிட்டேன்.

அந்த 40 பைசாவுக்குப் பெயர் மைனஸ். பேப்பர் விலையில் இருந்து எவ்வளவு கழித்து எடுக்கிறோம் என்பது. அது முழுக்க எங்கள் பாக்கெட்டுக்குப் போகிறது என்று நினைத்தால் தப்பு. லாரி வாடகை, ஏற்றுக்கூலி, அட்டை, உடைசல், பாலக்காடு தாண்டினால் கடைக்காரன் வைக்கிற பாக்கி, எல்லாம் அதில் இருக்கிறது. பத்து லோடில் ஒரு லோடு காசு வரத் தாமதமானால் மைனஸில் ஒரு பகுதி அதற்கே போய்விடும்.

ஈரோட்டுக்காரர் கேள்விக்கு என் பதில்: அறிவிப்பு இல்லாவிட்டால் பேச்சு எங்கிருந்து தொடங்குவது? காலையில் நான் முப்பது பண்ணைக்குப் போன் போடுகிறேன். ‘இன்றைக்கு மைனஸ் எவ்வளவு’ என்பதுதான் பேச்சே. விலை என்ற ஒன்று நடுவில் இல்லாவிட்டால் ஒவ்வொருவரிடமும் பூஜ்யத்தில் இருந்து பேரம் பேச வேண்டும்.

மோகனூர் பண்ணை

ஐயா வெளிப்படையாகப் பேசியதற்கு நன்றி. ஆனால் முழுசாகச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

மைனஸ் செலவுக்குத்தான் என்றால் அது மாதம் முழுக்க ஒரே அளவில் இருக்க வேண்டும். லாரி வாடகை திங்கள்கிழமை ஒன்று, வியாழக்கிழமை ஒன்று கிடையாது. தேக்கம் இருக்கிற வாரம் மைனஸ் 60 வரை போகிறது, இழுப்பு இருக்கிற வாரம் 10க்கு வருகிறது. போனில் பேசும்போது, “பக்கத்துப் பண்ணையில் 50 மைனஸுக்குக் கொடுத்துவிட்டார்கள், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்பார்கள். பக்கத்துப் பண்ணை கொடுத்ததா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? அவரைக் கேட்டால் அவர் ஒரு கணக்குச் சொல்வார். என் கொட்டகையில் நாலு நாள் முட்டை அடுக்கி இருக்கிறது, அதைப் போன வாரம் எடுக்க வந்த டிரைவர் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். என் நிலைமை வியாபாரிக்குத் தெரியும், வியாபாரி நிலைமை எனக்குத் தெரியாது. ஒருமுறை வேறொரு வியாபாரி அப்படிச் சொல்லி 55 மைனஸுக்கு எடுத்துக்கொண்டு போனார். இரண்டு நாளில் விலை ஏறியது, அவருக்கு அது முன்கூட்டியே தெரிந்திருக்கிறது.

பொருளியல் டீச்சர்

பாடத்தில் நிறைவுப் போட்டிக்கு நாலைந்து நிபந்தனை சொல்வோம். வாங்குபவர் விற்பவர் நிறையப் பேர், சரக்கு ஒரே மாதிரி, நுழைய வெளியேறத் தடை கிடையாது. முட்டைக்கு இவை ஏறக்குறையப் பொருந்தும். கடைசியாக ‘எல்லோருக்கும் எல்லாத் தகவலும் தெரியும்’ என்று ஒரு வரி இருக்கும், பையன்கள் யோசிக்காமல் தாண்டிவிடுவார்கள். நாமக்கல்லில் நொண்டுவது அந்த ஒரு வரிதான். அந்த 40 பைசாவில் ஒரு பகுதி லாரிக்கு. இன்னொரு பகுதி, யாருக்கு என்ன தெரியும் என்பதற்கான விலை.

கொச்சிவாசி

தகவல் பற்றிப் பேச்சு வந்ததால். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் வடகேரளத்து மத்தி மீன் பிடிப்பவர்களைப் பற்றி 2007இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். 1997க்கும் 2001க்கும் நடுவில் அங்கே மொபைல் போன் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அதற்கு முன்னால் படகு எந்தக் கரைக்குப் போவது என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்ய வேண்டும். ஒரு கரையில் வாங்க ஆள் இல்லாமல் மீனைக் கொட்டுவார்கள், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி அடுத்த கரையில் மீன் கிடைக்காமல் ஆள் நிற்கும். போன் வந்ததும் கடலில் இருந்தபடியே விலை கேட்டார்கள். கரைக்குக் கரை விலை வித்தியாசம் சுருங்கியது. மீனவர் லாபம் 8 சதவீதம் ஏறியது, வாங்குபவர் கொடுக்கும் விலை 4 சதவீதம் இறங்கியது. கொட்டுவது ஏறக்குறைய நின்றேவிட்டது.

நாமக்கல்லில் எல்லோர் கையிலும் போன் இருக்கிறதே, பிறகு ஏன் இந்தப் பாடு?

முட்டை லோடு

மீன்காரனுக்குத் தெரிய வேண்டியது இன்றைக்கு எந்தக் கரையில் என்ன விலை என்பது. அதைப் போனில் கேட்டால் சொல்லிவிடுவார்கள், ஏனென்றால் சொல்பவனுக்கு மீன் வேண்டும். முட்டையில் விலை எல்லோருக்கும் தெரியும், பேப்பரிலேயே இருக்கிறது. தெரியாதது சரக்கு. எந்தக் குளிர்க்கிடங்கில் எவ்வளவு கிடக்கிறது, ஐதராபாத்தில் இருந்து எவ்வளவு கிளம்பியிருக்கிறது, ஏற்றுமதிக் கன்டெய்னர் இந்த வாரம் போகிறதா இல்லையா. அது எனக்குத் தெரியும், நாலு பேரைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். எனக்குச் சோறு போடுவதே அந்தத் தகவல்தான், அதை நான் ஏன் வாட்ஸப்பில் போடப்போகிறேன்?

சேலம் மளிகை

கடைக்காரன் பக்கமும் கொஞ்சம் கேளுங்கள். நான் வாடிக்கையாளருக்கு ஆறு ரூபாய்க்கு விற்கிறேன். 4.30ஐயும் 6ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கொள்ளை என்பார்கள். நடுவில் ஏஜெண்டு இருக்கிறார். அட்டைக்கு ஒன்று இரண்டு உடையும். விலை தினமும் ஐந்து பைசா ஏறி இறங்கும், நான் தினமும் ஆறை மாற்றிக்கொண்டிருக்க முடியாது. இறங்கும்போது எனக்கு லாபம், ஏறும்போது நான் பொறுத்துக்கொள்கிறேன்.

நிஜமான தகவல் கோளாறு என் கடையில் வேறு இடத்தில் இருக்கிறது. நாட்டுக்கோழி முட்டை. வெள்ளை முட்டை ஆறு, நாட்டுமுட்டை என்றால் பதினைந்து வரை போகும். வாங்குபவர் ஓட்டின் நிறத்தைத்தான் பார்க்கிறார். பழுப்பு ஓடு போடுகிற பண்ணைக் கோழி ரகமும் உண்டு. வெள்ளை முட்டையைத் தேயிலைச் சாயத்தில் முக்கி விற்றுப் பிடிபட்ட செய்தியும் வந்திருக்கிறது. மஞ்சள் கருவின் நிறம் தீவனத்தைப் பொறுத்தது, அதையும் வைத்துச் சொல்ல முடியாது. ஊருக்குள் நிஜமாகவே நாலு கோழி வளர்த்து முட்டை கொண்டுவரும் பாட்டி ஒருவர் இருந்தார். சாய முட்டைக்காரன் பத்து ரூபாய்க்குப் போட ஆரம்பித்ததும், பாட்டியால் அந்த விலைக்குக் கொடுக்க முடியவில்லை. இப்போது கொண்டுவருவதில்லை.

பொருளியல் டீச்சர்

ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் பழைய கார் சந்தையை வைத்து எழுதியது அப்படியே இதுதான். நல்லதையும் மோசத்தையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாவிட்டால் அவர் நடுத்தரமாக ஒரு விலைதான் கொடுப்பார். அந்த விலை நல்ல சரக்குக்காரருக்குக் கட்டாது, அவர் விலகுவார். சந்தையில் மோசம் கூடும், விலை இன்னும் இறங்கும். இதற்காகத்தான் 2001இல் ஸ்பென்ஸ், ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் சேர்த்து அவருக்கு நோபல் கொடுத்தார்கள். உங்கள் பாட்டிதான் அந்தக் கட்டுரையின் நல்ல கார்.

பெட்டியில் அடைத்து, பிராண்டு போட்டு, தேதி அடித்து விற்கிறார்களே, அந்தச் செலவில் ஒரு பகுதி முட்டையை நல்லதாக்காது, நல்லது என்று நம்பவைக்கும். முற்றுரிமைப் போட்டி என்று நடத்துவது இந்த இடம். சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு விலை. பெயர் கெட்டால் பிராண்டுக்காரருக்கு நஷ்டம் அதிகம் என்பதால் அந்த நம்பிக்கைக்கு ஓரளவு அடிப்படையும் உண்டு. பழைய முட்டையா என்று பார்க்க மட்டும் பிராண்டு தேவையில்லை, தண்ணீரில் போட்டால் மிதக்கும்.

பரமத்தி பையன்

எல்லோருக்கும் நன்றி. பெரியப்பாவிடம் ஷெட் வாரியாகக் கணக்குப் போட்டுக் காட்டினேன். மூன்றாவது ஷெட் 72 சதவீதம் போட்டுக்கொண்டிருந்தது. அவருக்கு இது முன்னமே தெரியும், கறி விலைக்குத்தான் காத்திருக்கிறாராம்.

கடைசியாக ஒன்று. அந்த ஷெட் காலியானால் புதுக் குஞ்சு இறக்கலாமா? பக்கத்தில் எல்லோரும் விலை இல்லை என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

மோகனூர் பண்ணை

எல்லோரும் நிறுத்தினால் நீ இறக்கு. குஞ்சு முட்டைக்கு வர ஐந்து மாதம். இன்றைக்கு விலை நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் இறக்கினால் ஐந்து மாதம் கழித்து முட்டை கொட்டும், விலை படுக்கும். படுத்ததைப் பார்த்து எல்லோரும் நிறுத்துவார்கள், அடுத்த வருடம் ஏறும்.

பொருளியல் டீச்சர்

கால்டோர் 1934இல் இதற்குச் சிலந்திவலை என்று பெயர் வைத்தார், வரைபடம் போட்டால் அப்படித்தான் வரும். ஆனால் ‘எல்லோரும் நிறுத்தியிருக்கிறார்கள்’ என்பது உண்மையா என்று முதலில் பார், தம்பி. பக்கத்து நாலு பண்ணை நிறுத்தியிருக்கலாம். ஆந்திராவில் இறக்கிக்கொண்டிருக்கலாம். வாயால் நிறுத்தினேன் என்று சொல்லிவிட்டு இறக்குபவர்களும் உண்டு. இந்த முடிவுக்கு 3.92 உதவாது, குஞ்சு வளர்க்கும் 45 பைசாவும் சேரும். ஷெட் ஏற்கனவே இருப்பதால் அந்த 35 பைசா சேராது. ஐந்து மாதம் கழித்துக் கைக்கு வரும் விலை 4.37ஐத் தாண்டுமா என்று பார்க்க வேண்டும்.

பரமத்தி பையன்

நாடு முழுக்க இந்த மாதம் எத்தனை குஞ்சு இறங்கியிருக்கிறது என்று எங்கே தெரிந்துகொள்வது டீச்சர்?

முட்டை லோடு

குஞ்சு விற்கிற ஹேச்சரிக்காரர்களுக்குத் தெரியும். அவர்கள் சில பேர்தான்.

மோகனூர் பண்ணை

கேட்டுப் பாருங்கள். ‘புக்கிங் ஃபுல், இப்போதே அட்வான்ஸ் கொடுத்தால்தான் குஞ்சு’ என்பார்கள். விலை இருக்கும்போதும் அதையேதான் சொன்னார்கள்.